கோச்சி நிற்கிற இடத்தில் பஸ் நிற்காதோ?

போக்குவரத்து அமைச்சுக்கும், புகையிரதத் திணைக்களத்துக்கும், இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கும், தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கும், மேல் மாகாணத்தில் பஸ்களுக்குப் பாதை அனுமதி கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரே மடலை ஐந்து இடத்துக்கு எழுதுவது மரியாதைக் குறைவுதான், மன்னிக்கவும். யாருக்கு எழுதினால் சரியாக இருக்கும் என்று இரண்டு மாதம் யோசித்தேன், தெரிந்தவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். ரயிலைப் பற்றி என்றால் ஓரிடம், பஸ்ஸைப் பற்றி என்றால் வேறிடம், தனியார் பஸ் என்றால் இன்னோரிடம் என்றார்கள். நான் கேட்க நினைத்ததோ, ரயிலை விட்டு இறங்கிய ஒருவர் பஸ்ஸில் ஏறி உட்காரும் வரை படுகிற பாட்டைப் பற்றி. அதற்கென்று ஒரு மேசை எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் வெள்ளவத்தைவாசி. வேலை கொழும்புக் கோட்டையில். 18 வருடமாகச் சீசன் டிக்கெட்டில் போய் வருகிறேன். ரயிலைத் திட்டவும் கொஞ்சவும் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் என் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு 71 வயது. கொடிகாமத்தில் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் வருவார். தெல்லிப்பழையிலும் புற்றுநோய் ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் தொடக்கத்தில் இருந்து பார்த்த டொக்டரை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. வருவது இரவு ரயிலில்தான். ஏ9 வீதியில் ஏறினால் பஸ் நேரே கொழும்புக்கு வரும், ஆனாலும் வேண்டாம் என்பார். ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார், காரணத்தையும் ஒளிக்காமல் சொல்வார்: "கோச்சியில எழும்பி நடக்கலாம், கக்கூஸ் இருக்கு." நோயாளிகளும் வயதானவர்களும் ரயிலைத் தேடிப் போவதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

போன தடவை அவர் வந்த ரயில் நேரத்துக்கே வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரையும் குற்றம் சாட்ட நான் இந்தக் கதையைச் சொல்லவில்லை. இன்னும் விடியவில்லை. கோட்டை மேடையில் நின்று பெட்டிகளை எண்ணி அவருடைய கதவைக் கண்டுபிடித்தேன். படியில் இருந்து மேடைக்கு இறங்குவது அவருக்குக் கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி. கம்பியைப் பிடித்தபடி ஒரு காலை வைத்தார். மற்றக் காலை எடுக்கு முன் என் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற பெடியன் ஒருவன் கேட்காமலே அவருடைய பையை வாங்கிக்கொண்டான். பிறகு மேம்பாலப் படிகள். ஏறும்போது இரண்டு தடவை நின்றார், இறங்கும்போது மூன்று தடவை. முழங்கால் வலிக்காரருக்கு இறங்குவதுதான் கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. டிக்கெட்டைக் கொடுத்து வெளியே வந்து, ஸ்டேஷனுக்கு முன்னால் இருக்கிற ஒல்கொட் சிலைக்குக் கீழே மூச்சு வாங்க நின்றோம்.

மகரகம போகிற 138 பஸ் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். விடியற்காலையில் அது அங்கே நிற்கவில்லை. ஓட்டோக்காரர் ஒருவர் ஒரு பக்கம் கை காட்டினார், தேநீர்க் கடைக்காரர் மற்றப் பக்கம் காட்டினார். இரண்டு பேரும் நல்லெண்ணத்தோடுதான் காட்டினார்கள். நடைபாதையில் இரவு மூடிவைத்த கடைப் பலகைகள். தெருவில் இறங்கி நடந்தோம். ரயில் நின்றதில் இருந்து பெரியம்மா பஸ் சீட்டில் உட்கார்ந்தது வரை 47 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேன். காலை நெரிசல் தொடங்காததால் அங்கிருந்து மகரகம போய்ச் சேர அதைவிடக் குறைவான நேரமே எடுத்தது.

சிலைக்குக் கீழே நின்றபோதுதான் அவர் கேட்டார்: "ஏன் பிள்ளை, கோச்சி நிக்கிற இடத்தில பஸ் நிக்காதோ?"

மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். நிலையம் பழையது, இடம் போதாது, ரயில் வேறு பஸ் வேறு. மூன்றாவதைக் கேட்டதும், "ஏன், ரெண்டும் அரசாங்கம்தானே?" என்றார். பேசாமல் நடந்தேன்.

பேசாமல் நடந்தாலும் யோசனை விடவில்லை. எப்படி இது இப்படியானது? 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியது, 54 கிலோமீற்றர். கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட பாதை அது. மூட்டைக்கு இறங்கி ஏறுகிற பிரச்சினை இல்லை. நிலையத்து முற்றத்துக்கு வண்டி வந்தால் போதும். மனிதர் பிறகுதான் வந்தார்கள். 1899இல் ட்ராம் வந்தது, கோட்டையில் இருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ஓடியது, 1960இல் போய்விட்டது. 1958 ஜனவரி 1இல் பஸ்கள் எல்லாம் தேசியமயமாகி ஒரே சபையின் கீழ் வந்தன. 1979இல் தனியார் பஸ்கள் திரும்பவும் வந்தன. 1991இல் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அமைந்தது. மாகாணங்களுக்குள் ஓடும் பஸ்கள் மாகாண அதிகார சபைகளிடம் போயின. ஒவ்வொரு தடவையும் ஒரு புது அலுவலகம், ஒரு புது இலச்சினை. கோட்டை ஸ்டேஷன் வாசலுக்கும் புறக்கோட்டை பஸ்ஸின் படிக்கும் நடுவில் இருக்கிற துண்டு நிலம் மட்டும் எந்தக் கோப்புக்குள்ளும் முழுதாக விழவில்லை.

அந்தத் துண்டு நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புறக்கோட்டையில் பஸ் நிலையம் ஒன்றல்ல, மூன்று. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களுக்கு மத்திய பஸ் நிலையம், தனியாருக்குப் பஸ்தியான் மாவத்தை, அப்பால் குணசிங்கபுர. இது போக வீதியோரமாகவே நின்று ஆளேற்றுகிற பஸ்கள் தனிக் கணக்கு. எந்த ஊர் பஸ் எங்கிருந்து கிளம்பும் என்பது எங்கேயும் ஒழுங்காக எழுதியிருக்காது. அது குடும்பத்துக்குள் வழிவழியாக வருகிற அறிவு, மீன் குழம்புக்கு எவ்வளவு புளி என்பது மாதிரி. கொழும்பில் ஆள் இருப்பவருக்குத் தெரியும். இல்லாதவர், கத்துகிற கொண்டக்டர்களுக்கு நடுவே ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுத் திரிய வேண்டும். மட்டக்களப்பில் இருந்து முதல் தடவை வந்து இறங்குகிற ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள், நேர்முகப் பரீட்சைக்கு வந்திருக்கிறது, சிங்களம் தெரியாது, கையில் ஒரு ஃபைல்.

இதற்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கச் சொல்லவில்லை. ஸ்டேஷன் வெளிவாசலில் பெரிய பலகை ஒன்று, மூன்று மொழியில். எந்த இலக்க பஸ், எந்த நிலையம், எந்தப் பக்கம், எத்தனை நிமிட நடை. முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு. பிறகு அந்த நடைபாதை. மழைக்கு ஒரு கூரை, மேடு பள்ளம் இல்லாத தரை. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துப் போக முடிந்தால் சக்கர நாற்காலியும் போகும். பொது இடங்களில் அங்கவீனர்களுக்கான அணுகு வசதி பற்றி 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. ஸ்டேஷனுக்கு முன்னால் ஒல்கொட் மாவத்தையில் நின்று பார்த்தால் அது நம்ப முடியாத செய்தி.

நடைபாதை வியாபாரிகளை விரட்டச் சொல்லுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் இல்லாவிட்டால் நான் குடை வாங்க எங்கே போவது? ஓர் ஆள் பையோடு நடக்கிற அகலத்தை விட்டுக் கடை போட இடம் ஒதுக்கலாம். ஒதுக்குவது யார் என்று கேட்டால், பழைய கதைதான்: நடைபாதை ஒருவர், வீதி ஒருவர், சுவர் ஒருவர்.

சரி, மலைநாட்டுக்கு வருகிறேன். புகையிரதத் திணைக்களத்திடமே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது என்று காட்டத்தான்.

பதுளை ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஒற்றைப் பாதை. ரயில் ஸ்டேஷனுக்குள் மெதுவாக நுழையும்போது மேடை ஓரத்தில் ஒருவர் பெரிய வளையம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். வளையத்தின் அடியில் ஒரு தோல் பை, பைக்குள் வட்டமான ஓர் உலோகத் தகடு. டெப்லட் என்பார்கள். எஞ்சினில் இருப்பவர் கையில் உள்ள வளையத்தைக் கொடுத்துவிட்டு இந்த வளையத்தைத் தோளோடு வாங்கிக்கொள்வார். அந்தத் தகடு கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் ரயிலை விடமாட்டார். அந்தத் தகட்டை இங்கே பெட்டியில் இருந்து எடுப்பதற்கும் அடுத்த ஸ்டேஷன்காரர் தன் பக்கத்தில் இருந்து சம்மதம் தர வேண்டும். மணி அடித்துக் கேட்பார்கள், மணி அடித்துப் பதில் வரும். அதாவது ரயிலை வாங்கிக்கொள்ள அங்கே ஓர் ஆள் தயாராக இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் இங்கே இருப்பவர் ரயிலை அனுப்புகிறார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஏற்பாடு. நானு ஓயாவில் இதைப் பார்த்துக்கொண்டு நின்று என் ரயிலையே தவறவிடப் பார்த்தேன்.

ரயிலை இவ்வளவு கவனமாகக் கை மாற்றத் தெரிந்தவர்கள் பயணியை மட்டும் ஏன் மேடையில் இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? அவரை வாங்கிக்கொள்ள வெளியே ஒரு பஸ் தயாராக இருக்கிறதா என்று யாராவது மணி அடித்துக் கேட்டதுண்டா?

எங்கள் ஒபீஸில் மஸ்கெலியாத் தம்பி ஒருவர் இருக்கிறார். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனவர் திரும்பி வந்து சொன்ன கதை இது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன், அங்கே வேலை செய்பவர்கள் பாவம். ரயில் 35 நிமிடம் பிந்தியது. மழைக்காலம், மலைப் பாதை, பிந்தாமல் என்ன செய்யும். கடைசி பஸ் பத்து நிமிடத்துக்கு முன்தான் போயிருந்தது. அதே ஊர்ப் பக்கம் போக வேண்டியவர்கள் அந்த ரயிலில் இருந்து முப்பது பேராவது இறங்கினார்கள். பஸ்ஸோ பாதி சீட் காலியாகப் போயிருக்கிறது. முப்பது பேரும் ஓட்டோக்களுக்குப் பங்கு போட்டுக் காசு கொடுத்துப் போனார்கள். தம்பிக்கு அன்றைய ஓட்டோக் கூலி கொழும்பில் இருந்து வந்த ரயில் டிக்கெட்டைவிடப் பல மடங்கு. அம்மாவுக்கு என்று எடுத்து வைத்த காசில்தான் கை வைத்தாராம்.

பஸ் நிலையங்களில் டைம் கீப்பர் என்று ஒருவர் உண்டு. கையில் பேனா, மேசையில் பெரிய கொப்பி, எந்த பஸ் எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதிக்கொண்டிருப்பார். ரயில் எங்கே வருகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு நிமிடக் கணக்கில் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு. "முப்பது பேர் வாறாங்க, கடைசி பஸ்ஸைக் கொஞ்சம் பிடியுங்க." இது ஒன்றுதான் நான் கேட்பது. பல ஊர்களில் இரண்டு பேரும் ஒரே கடையில்தான் தேநீர் குடிப்பார்கள். ஆனால் அப்படிச் சொல்ல ஒருவருக்குக் கடமை இல்லை, கேட்க மற்றவருக்குக் கடமை இல்லை.

ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. தனியார் பஸ் டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் அன்றைய வசூலைப் பொறுத்துத்தான் கைக்காசு. அரை மணி நேரம் நின்றால் பின்னால் வருகிற பஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். கொழும்பில் இருந்து காலி நகரத்துக்குப் போகிற காலி வீதியில் 100ஆம் 101ஆம் இலக்க பஸ்கள் ஒன்றை ஒன்று முந்துவதைப் பார்த்துத் திட்டாத நாளில்லை. ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் முந்தத்தான் செய்வேன். ஆகவே வெறும் சுற்றறிக்கை அனுப்பி "ரயிலுக்காகக் காத்திருங்கள்" என்றால் ஒரு கிழமைகூட ஓடாது. நிற்கிற பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அதற்கும் உங்களிடம் வழி இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சிசு செரிய ஓட்டுகிறீர்கள். கிராமப் பக்கத்துக்குக் கெமி செரிய, இரவு நேரத்துக்கு நிசி செரிய. வசூல் போதாத ஓட்டத்துக்கு அரசாங்கம் கைகொடுக்கிற திட்டங்கள்தானே இவை எல்லாம்? அந்தக் கணக்கிலேயே ரயிலுக்கென்று ஒரு செரிய தொடங்குங்கள், பெயரை நீங்களே வையுங்கள். ஹட்டன், நானு ஓயா, கொடிகாமம், மட்டக்களப்பு என்று நாலு இடத்தில், கடைசி ரயிலுக்கும் விடியற்காலை ரயிலுக்கும் மட்டும் வைத்துப் பாருங்கள். நானு ஓயாவில் இறங்கி நுவரெலியா போகிறவர், கொடிகாமத்தில் இறங்கிப் பருத்தித்துறை போகிறவர், தண்டவாளம் முடிகிற மட்டக்களப்பில் இறங்கிக் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போகிறவர், எல்லோருக்கும் ஒரே பிரச்சினைதான். நானு ஓயாவில் இருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை ஒரு காலத்தில் சின்ன ரயிலே ஓடியது. அதைத் திருப்பிக் கேட்கிற அளவுக்கு எனக்குத் துணிவு இல்லை. ரயில் வரும்வரை நிற்கிற ஒரு பஸ் போதும்.

இனி எங்கள் கடற்கரைப் பாதை. வெள்ளவத்தை ஸ்டேஷனைத் தெரியாதவர் இருக்கமாட்டீர்கள். காலி வீதியில் இருந்து ஸ்டேஷன் ரோட்டால் இறங்கி, மரைன் டிரைவைக் கடந்தால் மேடை, அதற்கு அப்பால் கடல். ஆனி ஆடிக் காற்றில் அலை தெறித்துச் சேர்ட்டில் உப்புப் படிந்துதான் வேலைக்குப் போவோம். நடை நாலைந்து நிமிடம்தான், அதில் குறையில்லை. குறை என்னவென்றால் காலி வீதி பஸ்ஸும் கடற்கரை ரயிலும் கோட்டை வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே ஆட்களுக்காகப் போட்டி போடுகின்றன. குறுக்கே போகிற பஸ்களோ ரயிலைக் கண்டுகொள்வதே இல்லை. நாரஹேன்பிட்டிக்கு 141 இருக்கிறது, கொள்ளுப்பிட்டியில் இருந்து கடுவலைக்கு 177 இருக்கிறது. மொறட்டுவையில் இருந்தும் பாணந்துறையில் இருந்தும் ரயிலில் வந்து இந்த பஸ்களில் ஏறுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களுக்கு ரயில் ஒரு நேர அட்டவணை, பஸ் இன்னொரு நேர அட்டவணை, இல்லாவிட்டால் அட்டவணையே இல்லை. காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவிலாவது, ரயில் வந்து ஐந்து நிமிடத்தில் 141 கிளம்பும் என்று ஒரு பலகை போட முடியாதா?

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். வடக்குக்குப் போகிற ரயில்களில் சிலதைக் கல்கிசையில் இருந்து விட்டீர்களே, அது வெள்ளவத்தைக்காரருக்குச் செய்த பெரிய உபகாரம். யாழ்ப்பாணம் போகிற கொழும்புக்காரரில் எத்தனை பேர் தெஹிவளைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் குடியிருக்கிறார்கள் என்பது உங்கள் முன்பதிவுக் கவுன்டருக்குத் தெரியும். பனங்கட்டியும் முருங்கைக்காயும் நிறைந்த பைகளோடு கோட்டையில் இறங்கித் திரும்ப வெள்ளவத்தைக்கு ஓட்டோ பிடிக்கிற செலவு, அலைச்சல், பேரம் எல்லாம் ஒரே ஒரு நிறுத்தத்தால் இல்லாமல் போனது. இதை ஒரு சில ரயிலோடு விடாமல், இரவு ரயில்களுக்கும் கிழக்குக்குப் போகும் ரயில்களுக்கும் நிரந்தரமாக்குங்கள் என்று கேட்கிறேன்.

பெரியம்மாவின் மகரகமவுக்குத் திரும்புவோம். கோட்டையில் இருந்து மகரகமவுக்கு ரயிலே இருக்கிறது, களனிவெளிப் பாதை. நுகேகொடை, மகரகம, பன்னிப்பிட்டி, கொட்டாவ, ஹோமாகம என்று கொழும்பின் மிக நெரிசலான ஹைலெவல் வீதிக்கு அருகாகவே போகிறது. இறங்கிய மேடையில் இருந்து இன்னொரு மேடைக்குப் போய் ஏறினால் கதை முடிந்தது, வீதியில் இறங்கவே தேவையில்லை. ஆனால் அந்தப் பாதையின் ஓட்டம் எல்லாம் காலையில் கொழும்புக்கு வருகிறவருக்கும் மாலையில் திரும்புகிறவருக்கும் என்றுதான் கணக்கிட்டது. காலையில் வெளியே போகிற நோயாளி வெள்ளத்துக்கு எதிராக நீந்துகிறார். பகலில் ரயில் மிகக் குறைவு. கிளினிக் முடிந்து மத்தியானம் திரும்புகிறவருக்கு அதைத் தேடிப் போவதைவிட பஸ்ஸில் தொங்குவது மேல்.

பாதையும் பழசு. 1900ஐ ஒட்டிக் குறுகிய பாதையாகப் போட்டு 1902இல் அவிசாவளையைத் தொட்டது, 1990களில்தான் அகலமாக்கினார்கள். வளைவுகள் அப்படியே இருக்கின்றன, வேகமாக ஓட முடியாது, கடவைகளும் அதிகம். உண்மைதான். ஆனால் ஜப்பான் கடனில் மாலபேயில் இருந்து கோட்டைக்கு வர இருந்த இலகு ரயிலை 2020இல் நிறுத்தியாகிவிட்டது. அந்தப் பக்கத்துக்கு வேறு தண்டவாளம் வரும் என்று நம்ப எனக்கு வயது போதாது. இருக்கிற களனிவெளியில் பகலில் மணிக்கு ஒரு ரயிலாவது விட்டால், மெதுவாகப் போனாலும் போகிறவர் இருப்பார்கள். மணிக்கு ஒன்று என்று தெரிந்தால் அட்டவணை பார்க்காமலே ஆள் வரும்.

மாகும்புரவில் நீங்கள் ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். 2019இல் திறந்த அந்த நிலையத்தில் அதிவேகப் பாதை பஸ், உள்ளூர் பஸ், களனிவெளி ரயில் எல்லாம் ஒரே இடத்தில். கூரைக்குக் கீழேயே நடக்கலாம், உட்கார இடம் இருக்கிறது, பஸ் எங்கே நிற்கும் என்று எழுதியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா போய்ச் சுற்றிப் பார்த்தேன், வீட்டில் சிரித்தார்கள். பஸ் பக்கம் சந்தை மாதிரி இருந்தது. ரயில் பக்கத்தில் ஒரு நாயும் நானும். கட்டடம் கட்டத் தெரிகிறது உங்களுக்கு, அந்தக் கட்டடத்துக்குள் ரயிலை வரவைப்பதுதான் பாக்கி.

கட்டுநாயக்க விமான நிலையத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. புத்தளம் பாதை அதன் பக்கமாகவே போகிறது, ஆனாலும் விமானத்தில் வந்து இறங்குகிறவர் 187 பஸ்ஸிலோ டாக்ஸியிலோதான் கொழும்புக்கு வருகிறார். மத்திய கிழக்கில் இருந்து பெட்டி கட்டிக்கொண்டு வருகிற எங்கள் பெண்களும் அதில் அடக்கம்.

மொழி பற்றி ஒன்று. பெயர்ப் பலகைகளில் தமிழ் இருக்கிறது, நல்லது. பலகை அசையாது, அதனால் பிரச்சினையும் இல்லை. பிரச்சினை வருவது ஏதாவது மாறும்போதுதான். மேடை மாறும், ரயில் பிந்தும், ஓட்டம் ரத்தாகும். அப்போதுதான் ஒலிபெருக்கியில் ஒரு மொழி மட்டும் கேட்கும். கூட்டம் ஒரு பக்கம் ஓடும், பெரியம்மா மாதிரி ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். 1987இல் தமிழும் அரச கரும மொழியானது. பெரிய உரிமைப் பிரச்சினையாக்க இங்கே நான் வரவில்லை, ரயிலைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பதிவு செய்து வைத்த பத்துத் தமிழ் வாக்கியங்கள் போதும்.

டிக்கெட் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஆனால் அது இதில் கடைசிக் கவலை. ரயிலுக்கு ஒரு டிக்கெட், பஸ்ஸுக்கு ஒரு சீட்டு, சில்லறைக்குச் சண்டை. இரண்டுக்கும் ஒரே அட்டை வந்தால் சந்தோஷம். ஆனால் அட்டையில் இருந்து தொடங்காதீர்கள். எதைத் தொட்டாலும் ஒரு செயலியில் தொடங்கி அதோடு நிறுத்துகிற பழக்கம் நமக்கு உண்டு. சந்திக்காத ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே அட்டை கொடுத்து என்ன பயன்?

காசு இல்லை என்பீர்கள். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததை நாங்களும் மறக்கவில்லை. அந்த வருடம் பெட்ரோல் வரிசையில் நின்று களைத்தவர்கள் எல்லாம் ரயிலில்தான் தொங்கினார்கள். ஒரு நாளும் ரயில் ஏறாத என் பக்கத்து வீட்டு ஐயா டை கட்டிக்கொண்டு கதவில் தொங்கியதைப் பார்த்தேன். எண்ணெய் வந்ததும் காருக்குத் திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு ரயிலைக் குறை சொல்லவில்லை. "இறங்கின பிறகு ஒபீஸ் போகத்தான் கஷ்டம்" என்றார்.

பெரிய வேலைகளுக்குக் காசு கிடைக்கத்தான் செய்கிறது. மகோவில் இருந்து ஓமந்தை வரை 128 கிலோமீற்றர் பாதையை இந்தியக் கடனில் புதுப்பித்தீர்கள், அதற்காக மாதக்கணக்கில் பாதையை மூடியதையும் பொறுத்துக்கொண்டோம். 1990இல் நின்று 2014இல் திரும்பவும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் போன நாளில் பெரியம்மா தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதவர், அவருக்கு அந்தப் பாதையின் அருமை தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலைநாட்டுப் பாதையையும் மற்றப் பாதைகளையும் உடைத்துப் போட்டது, அதைத் திருத்தவும் எங்கிருந்தாவது காசு வரத்தான் வேண்டும். திருத்துகிறபோது தண்டவாளத்தோடு நிறுத்தாமல் ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே நூறு கஜ தூரத்தையும் அதே மதிப்பீட்டுக்குள் எழுதிவிடுங்கள். அந்தப் பெரிய தொகைக்குள் அது கண்ணுக்கே தெரியாது.

நான் கேட்பதில் முதலாவது ஓர் ஆளை. கோட்டைக்கு ஒருவர், மருதானைக்கு ஒருவர், ராகமவுக்கு ஒருவர், ஹட்டனுக்கு ஒருவர். ரயிலில் இருந்து இறங்கியவர் அடுத்த வண்டியில் ஏறும் வரை என் பொறுப்பு என்று சொல்லக்கூடிய ஒருவர், ரயில்காரரையும் பஸ்காரரையும் மாநகர சபையையும் ஒரே நாளில் தொலைபேசியில் பிடிக்கக்கூடிய அதிகாரத்தோடு. அவருடைய பெயரும் இலக்கமும் வாசலில் எழுதியிருக்கட்டும். அடுத்த தடவை நான் ஐந்து பேருக்கு எழுதத் தேவையில்லை.

பெரியம்மாவின் அடுத்த கிளினிக் வருகிற மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. திங்கள் இரவு ரயிலில் ஏறுவார். நான் வழக்கம்போல விடிய முன் கோட்டை மேடையில் நிற்பேன். உங்களில் யாராவது ஒருவர் வந்து எங்களோடு 138 வரைக்கும் நடந்து பார்க்கலாம். வருகிறவர் ஒரு பையைத் தூக்க வேண்டியிருக்கும். பாரம் அதிகமில்லை, ஒரு மாற்று உடுப்பு, கிளினிக் கொப்பி, எனக்கென்று கொண்டுவருகிற ஒடியல்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் இருந்து ஒரு சீசன் டிக்கெட்காரர்